படியளக்க மறந்த சாமி

எகிப்துன்னு சொன்னா நமக்கெல்லாம் பிரமிடு, மம்மி, துத்தன்காமுனோட தங்க முகமூடி, கிளியோபாட்ரா, அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் தெரிஞ்சிருந்துச்சு. நான் வேலை பாக்குறது பேரோல் செக்ஷன்ல. பதினோரு வருஷமா மாசம் 25ஆம் தேதி ஆனா அட்டெண்டன்ஸ் இறக்கி, லீவு கழிச்சு, ஓவர்டைம் கூட்டி, பிஎஃப் பிடிச்சு, "என்னங்க ரெண்டு நாள் சம்பளம் கம்மியா வந்திருக்கு"ன்னு வந்து நிக்கிறவங்களுக்கு பதில் சொல்லி, இப்படியே ஓடுற பொழப்பு. ராஜா ராணி கதையெல்லாம் எனக்கு ஒட்டவே ஒட்டாது. அப்புறம் எப்படி ஒரு வருஷமா எகிப்து பைத்தியம் பிடிச்சு திரியுறேன்னா, காரணம் ஒரே ஒரு கல்லு.

பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்குற கல்லு அது. மாசக் கடைசி ராத்திரி, தலைவலியோட போனை நோண்டிக்கிட்டு இருந்தப்ப அதோட போட்டோ கண்ணுல பட்டுச்சு. பெரிய சுண்ணாம்புக்கல் சில்லு, மேல கிறுக்கல் கிறுக்கலா எழுத்து. கீழ விளக்கத்த படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன். அது மஸ்டர் ரோல்! ரெண்டாம் ராம்செஸ் ஆட்சிக்கு வந்து 40ஆவது வருஷம், அதாவது கிமு 1240 வாக்குல எழுதுனது. நாப்பது ஆளுங்க பேரு வரிசையா, ஒவ்வொரு பேருக்கும் நேரா எந்தெந்த தேதி வேலைக்கு வரலைன்னு கறுப்பு மையில, ஏன் வரலைங்கிறது தேதிக்கு மேல சிவப்பு மையில. மொத்தம் 280 நாளோட கணக்கு.

காரணங்கள படிக்கணும் நீங்க. உடம்பு சரியில்ல. கண்ணு வலி. சேபான்னு ஒருத்தனுக்கு தேள் கொட்டிருச்சு. அம்மா செத்துட்டாங்க, உடம்புக்கு துணி சுத்தப் போயிருக்கான். பீர் காய்ச்சப் போயிருக்கான் (இது அங்க முறையான லீவு காரணம், பண்டிகைக்கு வீட்டுல காய்ச்சியாகணும்). மேஸ்திரியோட சொந்த வேலைக்குப் போயிருக்கான், இதுவும் பதிவுல இருக்கு, வெக்கமே இல்லாம. பொண்டாட்டியோ மகளோ வீட்டுக்கு தூரம், அதுக்கு இவன் லீவு! எங்க ஆபீஸ் பொம்பளைங்ககிட்ட இத சொன்னப்ப ஒரு பத்து நிமிஷம் வேலையே நடக்கல. எனக்கு ரொம்பப் பிடிச்சது பெந்துவாங்கிறவனோட என்ட்ரி, "கோன்சு கூட குடிச்சிட்டு இருந்தான்". முடிஞ்சுது. 3200 வருஷம் கழிச்சும் அழியல. நான் போடுற எக்ஸெல் ஷீட் மூணு வருஷத்துல காணாம போயிடும்.

சரி, இந்த நாப்பது பேரும் யாருன்னா, பாரோக்களுக்கு, அதாவது எகிப்து ராஜாக்களுக்கு, கல்லறை குடைஞ்சவங்க. இன்னைக்கு லக்சர்னு சொல்ற ஊருக்கு எதிரே, நைல் நதிக்கு மேற்குக் கரையில, ராஜாக்களோட பள்ளத்தாக்குக்கும் வயக்காட்டுக்கும் நடுவுல மலை இடுக்குல டெய்ர் எல் மதீனான்னு ஒரு இடம். அங்கதான் இவங்க ஊரு. சுத்தி மதில், உள்ள ஒட்டி ஒட்டி ஒரு 68 வீடு. கல்லு வெட்டுறவன், பூசுறவன், படம் வரையுறவன், தச்சன், அவங்க பொண்டாட்டி புள்ளைங்க. வேலை எட்டு நாள், அப்புறம் ரெண்டு நாள் ஓய்வு, ஏன்னா அவங்க வாரம் பத்து நாளு. வேலை நாள்ல வீட்டுக்கு வர மாட்டாங்க, மலை மேல சின்னச் சின்ன குடிசையில தங்கிக்குவாங்க. கப்பல் சிப்பந்திங்க மாதிரி வலது பக்கம், இடது பக்கம்னு ரெண்டு கோஷ்டி, கோஷ்டிக்கு ஒரு மேஸ்திரி, எல்லாத்துக்கும் மேல கணக்கு எழுதுறதுக்கு ஒரு கணக்குப்பிள்ளை. நம்ம ஆளு!

ஒன்னு மட்டும் சொல்லிடுறேன், இந்தக் கட்டடமெல்லாம் கட்டுனது சாட்டையடி வாங்குன அடிமைங்கன்னு பள்ளிக்கூடத்துல இருந்து மண்டையில ஏறியிருக்கே, அத இறக்கி வச்சிடுங்க. இவங்களுக்கு ஆயிரத்து சொச்சம் வருஷம் முன்னாடி குஃபு பிரமிடு கட்டுன காலத்துலயே மேரெர்னு ஒரு ஆளு, ஒரு கோஷ்டிக்குத் தலைவன், தூராவுல இருந்து சுண்ணாம்புக்கல்ல படகுல ஏத்தி கீசாவுக்குக் கொண்டு போனத நாள்வாரியா எழுதி வச்சிருக்கான். செங்கடல் ஓரம் வாடி அல் ஜர்ஃபுங்கிற இடத்துல 2013ல கிடைச்சுது. எழுத்தோட கிடைச்ச பாப்பிரஸ்லயே (கோரைத் தண்டுல செஞ்ச அவங்க காகிதம்) பழசு அதுதான். உலகத்துலயே பழைய காகிதத்துல இருக்குறது மந்திரமும் இல்ல, ராஜா புகழும் இல்ல, ட்ரிப் ஷீட்.

மதீனா ஆளுங்களுக்கு வருவோம். ஊருக்குள்ள தண்ணி கிடையாது, கழுதை மேல ஏத்திக் கொண்டு வரணும். வயலும் கிடையாது. சாப்பாட்டுக்கு முழுக்க அரசாங்கத்த நம்பித்தான் பொழப்பு. காசுங்கிற சமாச்சாரமே அப்ப இல்ல, சம்பளம் தானியம்தான். சாதாரண ஆளுக்கு மாசம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மூட்டைன்னா ஏறக்குறைய 76 லிட்டர், அப்ப ஒரு குடும்பத்துக்கு தாராளமாவே வரும், மிச்சத்த பண்டமாத்து பண்ணிக்கலாம். மேஸ்திரிக்கு அஞ்சரையும் ரெண்டும். இது போக மீனு, காய்கறி, விறகு, பானை எல்லாம் சப்ளை, துணி வெளுக்கக் கூட ஆளு போட்டிருந்தாங்க! நம்ம ஊர்ல சொல்லுவோமே படியளக்குற சாமின்னு, அங்க அது உவமையே இல்ல. பாரோதான் சாமி, அவர்தான் படியளக்கணும்.

இந்த ஊரப் பத்தி ஏன் இவ்வளவு தெரியுதுன்னா, இவங்க எழுதித் தள்ளியிருக்காங்க. பாப்பிரஸ் விலை ஜாஸ்தி, அதனால ஓட்டாஞ்சில்லுலயும் கல்லு சில்லுலயும் எழுதி, வேலை முடிஞ்சதும் குப்பையில போட்டுட்டாங்க. ஊருக்கு வெளிய தண்ணிக்காகத் தோண்டி தோண்டி கடைசியில தண்ணியே வராத ஒரு பெரிய குழி, அம்பது மீட்டர் ஆழம், அதுல மட்டும் ஆயிரக்கணக்குல சில்லு கிடைச்சுது. பிரெஞ்சுக்காரரு பெர்னார் ப்ரூயேர்னு ஒருத்தர் 1922ல ஆரம்பிச்சு முப்பது வருஷம் உக்காந்து தோண்டுனாரு. கடன் சீட்டு, சண்டை, கழுதை வாடகை, லவ் பாட்டு, என்னென்னவோ.

நௌநக்தேன்னு ஒரு அம்மாவோட உயில் இருக்கு, கிமு 1145 வாக்குல. எட்டு புள்ளைங்க பெத்து வளர்த்திருக்கு. வயசான காலத்துல பாதி புள்ளைங்க எட்டிப் பாக்கல. நேரா பஞ்சாயத்துக்குப் போயி, "இதுங்கள வளத்து ஆளாக்கி, வீடு வாசல் வைக்க வேண்டியதெல்லாம் குடுத்தேன், இப்ப எனக்கு வயசாயிருச்சு, இதுங்க பாக்கல, எவன் என் கையப் புடிச்சானோ அவனுக்குத்தான் என் சொத்து"ன்னு எழுதி வச்சிருச்சு. நல்லா பாத்துக்கிட்ட ஒரு மகனுக்கு எல்லாருக்கும் குடுத்தது போக ஒரு வெண்கலப் பாத்திரம் எக்ஸ்ட்ரா. எங்க அம்மாச்சி இருந்திருந்தா இந்தக் கதைய தினம் ஒரு தரம் எங்க மாமாங்களுக்குச் சொல்லியிருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மூணாம் ராம்செஸ். கிமு 1186ல இருந்து 1155 வரைக்கும் ஆட்சி. (பேருல ராம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதைய இங்க கமெண்ட்ல கொண்டு வராதீங்க, ரா-ங்கிறது அவங்க சூரியன், 'ரா பெத்த பிள்ளை'ன்னு அர்த்தம். நம்ம பக்கம் உண்மையிலேயே அங்க போனது மிளகு. ரெண்டாம் ராம்செஸ் மம்மியோட மூக்குக்குள்ள மிளகு வச்சிருந்தாங்க, அது மேற்குத் தொடர்ச்சி மலையில விளையுற சரக்கு, எத்தனை கை மாறி போச்சோ.) பெரிய பாரோங்கிற வரிசையில மூணாம் ராம்செஸ்தான் கடைசின்னு சொல்லுவாங்க. கடல் வழியா கூட்டம் கூட்டமா வந்தவங்க கிழக்கு மத்தியதரைக் கடல் முழுக்க ராஜ்யம் ராஜ்யமா சாய்ச்சுக்கிட்டு வந்தப்ப, எகிப்து மட்டும் நின்னுச்சு, நிறுத்துனது இவர். லிபியாக்காரங்களோட ரெண்டு சண்டை வேற. எல்லாத்தையும் மெதினெத் ஹாபுன்னு தன்னோட கோயில் சுவர்ல ஆளுயரத்துக்கு மேல செதுக்கி வச்சிருக்காரு. அதே சுவர்ல இன்னொன்னும் இருக்கு, எந்தெந்த திருநாளுக்கு சாமிக்கு எத்தனை ரொட்டி, எத்தனை ஜாடி பீரு, எத்தனை மூட்டை தானியம்னு ஒரு நீளமான படையல் பட்டியல். அதுலயும் பெரும்பகுதி ரெண்டாம் ராம்செஸ் கோயில்ல இருந்து காப்பி அடிச்சதுன்னு ஆராய்ச்சி பண்ணுனவங்க சொல்றாங்க, இந்த மனுஷனுக்கு ரெண்டாம் ராம்செஸ் மேல அப்படி ஒரு மோகம், பிள்ளைங்களுக்குக் கூட அவர் பிள்ளைங்க பேரையே வச்சாரு.

இவர் செத்தப்புறம் மகன் எழுத வச்ச பாப்பிரஸ் ஒன்னு இருக்கு, 40 மீட்டருக்கு மேல நீளம். கோயில்களுக்கு அப்பா என்னென்ன குடுத்தாருன்னு லிஸ்டு. தீப்ஸ்ல (இன்னைக்கு லக்சர்) இருக்குற ஆமுன் சாமி கோயிலுக்கு மட்டும் 86,000 சொச்சம் ஆளுங்க, நாலு லட்சத்துக்கு மேல ஆடு மாடு, நம்ம கணக்குல ஏறக்குறைய 2,400 சதுர கிலோமீட்டர் நிலம்.

அந்த மெதினெத் ஹாபுவுல இருந்து மதீனா ஊரு நடந்து போற தூரம்தான். அங்கதான் கோதுமை வரல.

29ஆவது ஆட்சி வருஷம், கிமு 1157 வாக்குல. ரெண்டாவது குளிர் மாசம், பத்தாம் தேதி. தேதி இவ்வளவு துல்லியமா எப்படின்னா, கணக்குப்பிள்ளை எழுதி வச்சிருக்காரு. பேரு ஆமென்நக்து. இத்தாலியில தூரின் மியூசியத்துல அந்த பாப்பிரஸ் இருக்கு, ஸ்ட்ரைக் பாப்பிரஸ்னே பேரு. தெரிஞ்ச வரைக்கும் உலகத்துல எழுத்துல பதிவான முதல் வேலைநிறுத்தம். ஆளுங்க எல்லாம் வேலைய விட்டுட்டு, காவல் போட்டிருந்த அஞ்சு மதிலையும் தாண்டி வெளிய வந்து, "பசிக்குது எங்களுக்கு, 18 நாள் ஆயிருச்சு"ன்னு சொல்லி, மூணாம் துத்மோஸ் கோயிலுக்குப் பின்னாடி போயி உக்காந்துட்டாங்க. அடிக்கல, உடைக்கல. உக்காந்தாங்க. மேஸ்திரிங்க, அதிகாரிங்க எல்லாம் ஓடி வந்து உள்ள வாங்க உள்ள வாங்கன்னு சத்தியம் மேல சத்தியம் பண்ணிப் பாத்தாங்க. நகரல.

மறுநாள் ராமேசியத்துக்குப் போனாங்க, ரெண்டாம் ராம்செஸோட கோயில். அதுக்கு மறுநாள் உள்ளயே போயிட்டாங்க. இந்த இடத்த அவங்க சும்மா தேர்ந்தெடுக்கல. அந்தக் கோயிலுக்குப் பின்னாடி மண் செங்கல்ல வளைச்சு வளைச்சு கட்டுன தானியக் களஞ்சியம் வரிசை வரிசையா இருக்கு, இன்னைக்கும் போனா பாக்கலாம். களஞ்சிய வாசல்ல உக்காந்துக்கிட்டு பசிக்குதுங்கிறான். இதுக்கு மேல என்ன கோஷம் வேணும். அங்க அவங்க சொன்னத ஆமென்நக்து அப்படியே எழுதியிருக்காரு: பசியிலயும் தாகத்துலயும்தான் இங்க வந்தோம், துணி இல்ல, எண்ணெய் இல்ல, மீன் இல்ல, காய்கறி இல்ல, எங்க நல்ல எஜமான் பாரோவுக்கு எழுதுங்க, மேலதிகாரி பிரதம மந்திரிக்கும் எழுதுங்க, நாங்க பொழைக்க வழி பண்ணச் சொல்லுங்க.

நடுவுல பலகாரம் கொஞ்சம் குடுத்து சமாளிக்கப் பாத்திருக்காங்க. படிச்சதும் சிரிச்சுட்டேன், சம்பளம் லேட்டாகும்போது ஸ்வீட் பாக்ஸ் குடுக்குறது அப்ப இருந்தே இருக்கு போல.

இதுல எனக்கு ஆச்சரியம் போலீஸ் தலைவன் மென்ட்மோஸ். கலைஞ்சு போங்கன்னு சொல்ல வேண்டிய ஆளு. அந்தாளு என்ன சொல்றான்னா, "வீட்டுக்குப் போயி சாமான எடுத்துக்கங்க, கதவப் பூட்டுங்க, பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, நான் முன்னாடி போறேன், சேத்தி ராஜா கோயிலுக்குப் போயி உங்கள உக்கார வைக்கிறேன்." போலீஸே இடம் மாத்தி உக்கார வைக்குது. கடைசியில போன மாச பாக்கிய அளந்தாங்க, சில நாள் கழிச்சு அந்த மாசத்ததும் வந்துச்சு. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா அடுத்த மாசமும் இதே கதை, அதுக்கு அடுத்த மாசமும் இதே கதை.

அதுல ஒரு தடவ உக்காந்தப்ப பேச்சு மாறிடுச்சு. "பசிக்காக மட்டும் மதில் தாண்டல, பெரிய புகார் இருக்கு, பாரோவோட இந்த இடத்துல அக்கிரமம் நடக்குது"ன்னாங்க. மோசேன்னு ஒருத்தன் கூப்பிட வந்தவங்க முன்னாடி, பாரோ பேர்ல சத்தியம் பண்ணி, "இன்னைக்கு என்ன இங்க இருந்து கிளப்புனா, ஒரு கல்லறைய கொள்ளையடிக்க ஏற்பாடு பண்ணிட்டுத்தான் தூங்குவேன்"னான். கல்லறைய கட்டுறவனே சொல்றான்! பாரோ பேர எடுத்து சத்தியம் பண்ணுனதுக்கு அவனுக்கு தண்டனைன்னு எழுதியிருக்கு.

பிரதம மந்திரி பேரு தோ. அவர் நேர்ல வரல, ஆள் அனுப்பி சேதி சொன்னாரு. அந்த வருஷம் பாரோவோட முப்பதாவது வருஷ விழாவுக்கு ஏற்பாடு நடக்குது, அதுக்காக தெற்குல இருந்து சாமி சிலைங்கள சேகரிச்சுக்கிட்டு ஆத்துல போயிக்கிட்டு இருக்காரு. சேதி என்னன்னா: நான் வராதது உங்களுக்குக் கொண்டு வர ஒன்னும் இல்லைங்கிறதாலயா, எங்க படிய எடுத்துக்காதேங்கறீங்களே, எடுத்துக்குறதுக்கா என்ன மந்திரியா போட்டாங்க, களஞ்சியத்துலயே ஒன்னும் இல்லாத நேரம், ஆனாலும் கிடைச்சத அனுப்புறேன். வந்தது பாதி படி. விழாவுக்கு இருந்துச்சா இல்லையான்னு அந்த சேதியில இல்ல.

பாதிப் படிய அளந்து குடுக்குறது யாரு? ஆமென்நக்து. ஒரு மேஸ்திரி, கோன்சுன்னு பேரு, ஆளுங்கள கிளப்பி விடுறான், குடுத்தத வாங்கிக்கங்க, ஆனா அப்படியே ஆத்தங்கரைக்குப் போயி நில்லுங்க, மந்திரி காதுக்குப் போகட்டும்னு. ஆளுங்க கிளம்பிட்டாங்க. அங்க ஆமென்நக்து குறுக்க நின்னு சொல்றாரு: "போகாதீங்க. இப்பத்தான் ரெண்டு மூட்டை கோதுமை அளந்து குடுத்தேன். மீறிப் போனா எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் உங்க மேல தீர்ப்பு வர வைப்பேன்."

இந்த வரிய படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. ஏன்னா நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில ரெண்டு மாசம் சம்பளம் போடல. முதலாளி போன் எடுக்க மாட்டாரு, கேட்டுக்கு முன்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி போயி "பாதி இன்னைக்கு கிரெடிட் ஆகுதுங்க, கலைஞ்சு போங்க, இல்லேன்னா மேனேஜ்மென்ட் ஆக்ஷன் எடுக்கும்"னு சொன்னது நான். எனக்கும் ரெண்டு மாசம் வரலங்கிறது வேற விஷயம். அதுல ஒரு பெரியவர், கட்டிங் செக்ஷன், என்னப் பாத்து ஒன்னும் சொல்லாம பாக்கெட்ல இருந்து பீடி எடுத்தாரு. இன்னும் அந்த மூஞ்சி ஞாபகம் இருக்கு. ஆமென்நக்து என்ன நினைச்சாரோ. ஆனா ஒன்னு, ஆளுங்க சொன்னது, மந்திரி சொன்னது, தான் மிரட்டுனது உட்பட எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வச்சாரே, அது பெரிய மனசு. நான் எழுதல.

மூணு வருஷம் ஓடுச்சு. 32ஆவது வருஷம் ஒரு நாள் அதே போலீஸ் தலைவன் மென்ட்மோஸ் ஊருக்குள்ள வந்து, "பருந்து வானத்துக்குப் பறந்துருச்சு"ன்னு சொன்னான். பாரோ செத்துட்டாருன்னு அர்த்தம். எப்படி செத்தாருங்கிறது பெரிய கதை, சுருக்கமா சொல்றேன். தியேன்னு ஒரு சின்ன ராணி, தன் மகன் பென்தவேர சிம்மாசனத்துல ஏத்தணும்னு அந்தப்புரத்துக்குள்ளயே சதி, அரண்மனைப் பணியாளருங்க, படை அதிகாரிங்க எல்லாம் கூட்டு, மெழுகு பொம்மை செஞ்சு சூனியம் வேற. விசாரணைப் பதிவும் தூரின்லதான் இருக்கு. குற்றவாளிங்க பேரக் கூட நல்ல விதமா எழுதக் கூடாதுன்னு 'ரா அவன வெறுக்கிறார்'ங்கிற மாதிரி மாத்தி எழுதியிருக்காங்க. பென்தவேர் தன் உயிர தானே முடிச்சுக்கிட்டான். விசாரிக்க வந்த நீதிபதிங்கள்ல சிலரே குற்றம்சாட்டப்பட்ட பொண்ணுங்களோட சேந்து குடிச்சுக் கூத்தடிச்சாங்கன்னு அவங்களுக்கு காதும் மூக்கும் போச்சு. இவ்வளவு எழுதியும் சதி பலிச்சுதா இல்லையான்னு ரொம்ப நாள் வாக்குவாதம் இருந்துச்சு. 2012ல மம்மிய சிடி ஸ்கேன் பண்ணுன முடிவு வெளியாச்சு, கழுத்துக் கட்டுக்கு அடியில தொண்டை கழுத்தெலும்பு வரைக்கும் அறுபட்டிருக்கு, அந்தக் காயத்துக்குள்ள ஹோரஸ் சாமியோட கண்ணு வடிவத் தாயத்து ஒன்னு வச்சு மூடியிருக்காங்க. செத்தப்புறம் போற உலகத்துலயாவது ஆறட்டும்னு.

புது பாரோ நாலாம் ராம்செஸ் வந்தாரு. வந்ததும் கல்லறை ஆளுங்கள 60ல இருந்து 120 ஆக்குனாரு. அறுபது பேருக்கே அளக்க முடியல! அவர் பண்ணுன இன்னொன்னு, வாடி ஹம்மாமாத் பாலைவனத்துக்கு கல்லு எடுக்க 8,368 பேர அனுப்புனாரு, அதுல 900 பேரு செத்துட்டாங்கன்னு பாறையிலயே செதுக்கியிருக்கு. அந்தப் பயணத்தோட சம்பந்தப்பட்ட ஒரு மேப்பும் கிடைச்சிருக்கு, மலைய ஒரு நிறம், பாறைய ஒரு நிறம்னு கலர் போட்டு, தங்கச் சுரங்கம் எங்க, ஆளுங்க வீடு எங்கன்னு குறிச்சது. நிலத்துல என்ன பாறைன்னு காட்டுற மேப்புல உலகத்துலயே பழசு இதுதான்னு சொல்றாங்க. வரைஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? ஆமென்நக்து. சம்பளம் எழுதுறவனுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருந்திருக்கான்.

அப்புறம் வரிசையா ராம்செஸ், ராம்செஸ், ராம்செஸ், பதினொன்னு வரைக்கும். கோதுமை விலை ஏறிக்கிட்டே போச்சு, படி லேட்டாகிக்கிட்டே போச்சு. மோசே வாயில வந்தது நடக்க ஆரம்பிச்சுது. ஒன்பதாம் ராம்செஸ் காலத்துல ஆமென்பநூஃபர்னு கோயில் கல்தச்சன் ஒருத்தன், கூட ஏழு பேரோட சேந்து, பழைய ராஜா சோபெகெம்சாஃப் கல்லறைய உளியால குடைஞ்சு உள்ள போயி, ராஜா ராணி உடம்புல இருந்த தங்கத்த உரிச்சு, பெட்டிக்குத் தீய வச்சுட்டு வந்திருக்கான். நம்ம கணக்குல பதினாலு கிலோவுக்கு மேல தங்கம், ஆளுக்கு சமமா பங்கு. மாட்டிக்கிட்டான். தன் பங்கு தங்கத்த அந்தப் பகுதி எழுத்தர்கிட்ட குடுத்தான், வெளிய விட்டாங்க. திரும்பி கூட்டாளிங்ககிட்ட வந்தா அவங்க இருக்குறத மறுபடியும் பிரிச்சு இவனுக்கும் குடுத்தாங்க. திருட்டுல இருந்த நேர்மை களஞ்சியத்துல இல்ல. கொஞ்ச நாள்ல மதீனா ஆளுங்களும் திருட்டுல மாட்டுனாங்க, கல்லறை கதவு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாததா.

லிபியாக்காரங்க பயத்துல கடைசியில ஊரையே காலி பண்ணிட்டு மெதினெத் ஹாபு மதிலுக்குள்ள குடிபோனாங்க. ஆமா, அதே மூணாம் ராம்செஸ் கோயில்தான். அந்தப் படையல் பட்டியல் செதுக்குன கோயில்தான்.

ஆமென்நக்து குடும்பத்துல கணக்குப்பிள்ளை வேலை பரம்பரையா வந்துச்சு, மகன் ஹர்ஷிரே, பேரன் காஎம்ஹெட்ஜெத், கொள்ளுப்பேரன் துத்மோஸ், எள்ளுப்பேரன் பூதேஹாமுன். இந்த அப்பனுக்கும் மகனுக்கும் படைத்தலைவர் பியாங்க்கிட்ட இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு, முன்னோருங்க கல்லறையில ஒன்ன திறந்து, நான் வர்ற வரைக்கும் முத்திரைய பத்திரமா வச்சிருங்கன்னு. அப்ப தெற்க இருக்குற நூபியாவுல சண்டை, செலவுக்குத் தங்கம் வேணும், அதான் காரணம்னு ஆராய்ச்சியாளருங்க நினைக்கிறாங்க. திருடன் ராத்திரி பண்ணுனத இப்ப அரசாங்கம் பகல்ல பண்ணுது, ரெஜிஸ்டர் போட்டு. ராஜாக்கள ஒவ்வொருத்தரா வெளிய எடுத்து, புதுத் துணி சுத்தி, இடம் மாத்தி இடம் மாத்தி வச்சாங்க. அப்படிப் போயி மலைக்குள்ள ஒரே பொந்துல குவிஞ்சு கிடந்தவங்களைத்தான் 1881ல கண்டுபிடிச்சது. மூணாம் ராம்செஸ் அதுல இன்னொரு ராணியோட பெரிய சவப்பெட்டிக்குள்ள இருந்தாரு. 2021 ஏப்ரல்ல கெய்ரோவுல 22 ராஜா ராணி மம்மிகள தங்க நிற வண்டியில வச்சு பேண்டு வாத்தியத்தோட புது மியூசியத்துக்கு ஊர்வலமா கொண்டு போனாங்களே, டிவியில பாத்திருப்பீங்க, அதுல அவரும் போனாரு.

அவர் மேல சுத்தியிருந்த துணியில மையில எழுத்து இருக்கு. 13ஆவது வருஷம், கோடைக்காலம் ரெண்டாவது மாசம், 27ஆம் தேதி, தலைமைப் பூசாரி பினெட்ஜெம் உத்தரவுப்படி இந்த ராஜாவ மறுபடியும் சுத்தி வச்சதுன்னு. வேலைய பாத்தவங்க பேரும் போட்டிருக்கு, அதுல ஒன்னு பூதேஹாமுன். கழுத்து அறுபட்டுச் செத்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆன மனுஷன, பாதிப் படி அளந்த கணக்குப்பிள்ளையோட எள்ளுப்பேரன் துணி சுத்தியிருக்கான். தேதிய விடாம எழுதியிருக்கான்.